முப்பது கேள்வியும் ஒரு குறட்டையும்

"எத்தனை எடுத்தா பாஸ்?" என்று கேட்டாள் அம்மா.

மருத்துவமனையின் தூக்கச் சிகிச்சைப் பிரிவு, ஆறாம் எண் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் கேள்வித்தாள் நிரப்புகிற பெண். இந்தப் பக்கம் அம்மாவும் எட்டு வயது மகளும். சுவரோர நாற்காலியில் அப்பா. உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே தூங்கிப்போயிருந்தார்.

இது பரீட்சை இல்லை என்று கேள்விக்காரி விளக்கினாள். குழந்தைகளின் தூக்கத்தைப் பற்றி முப்பது கேள்விகள். தொல்லை இல்லவே இல்லை அல்லது எப்போதாவது என்றால் ஒன்று, சில நாள் வந்தால் இரண்டு, அநேகமாகத் தினமும் என்றால் மூன்று. கூட்டிப் பார்த்தால் குறைவாக வருவதுதான் நல்லது.

அம்மா கணக்கு டீச்சர். குறைந்த மார்க் நல்லது என்று பதினாறு வருடத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. கைப்பையிலிருந்து எடுத்த சிவப்புப் பேனாவைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

மகள் வகுப்பில் தூங்குகிறாள். போன வாரம் பரீட்சைத் தாளின் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். மூன்றாம் கேள்விக்கான விடை அவள் கன்னத்தோடு வீடு வந்து சேர்ந்தது.

அம்மா அன்றே தீர்ப்பு சொல்லிவிட்டாள். இந்த வயதிலும் அப்பா அம்மாவுக்கு நடுவில் படுப்பதுதான் காரணம். தனி அறை தயார், கட்டிலும் வந்தாயிற்று. இங்கே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் இன்றைக்கே குடித்தனம் மாற்றிவிடலாம்.

மகள் மூன்று நாளாக அழுது பார்த்தாள். சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் புதுத் தலையணையைத் துணி துவைக்கும் மெஷினுக்குள் ஒளித்து வைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

"தனியாப் படுக்கப் பயப்படுறாளா?"

"மூணு போடுங்க."

"எனக்குப் பயமே இல்ல," என்றாள் மகள்.

"பெரியவங்க பேசும்போது நடுவுல பேசாதே."

அப்பாவின் குறட்டை, ஈர மரத்தை அறுக்கிற ரம்பம் போல ஏறி இறங்கியது. நடைவழியில் போன நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அப்பாவின் கைகள் மடியில் கிடந்தன. ஒரு கை மட்டும் முழங்கைவரை வெயிலில் கறுத்திருந்தது.

"கொடுத்து வச்ச மனுஷன், தலை சாஞ்சா போதும்," என்றாள் அம்மா. "கல்யாணமாகிப் பத்து வருஷமா காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் படுக்கிறவ நான்."

தூக்கத்தில் கையைக் காலை உதறுகிறாளா?

"மூணு. நாலு இருந்தா நாலு போடுங்க. அவர் காலைப் பாருங்க, கன்னிப்போய்க் கிடக்கு."

இரவில் எத்தனை முறை விழிக்கிறாள்?

"ஒரு தடவைகூட இல்ல. ஒண்ணு."

"நேத்து ஏழு," என்றாள் மகள்.

"வாய்க்கு வந்ததைச் சொல்லாதடி. இவளுக்கு நம்பர்னாலே ஆகாதுங்க. என் பொண்ணுன்னு வெளியே சொல்ல முடியல."

யார் சொல்வதை எழுதுவது என்று கேள்விக்காரி யோசித்தாள். தாளின் தலைப்பில் 'பெற்றோர் கூற்றுப்படி' என்று அச்சாகியிருந்தது. ஒன்று போட்டாள்.

கடைசிக் கேள்வி. தூக்கத்தில் மூச்சு நின்றுவிடுவதுபோல் இருக்கிறதா?

"சேச்சே. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒண்ணே போடுங்க."

அப்போது அப்பாவின் குறட்டை நின்றது.

அறைக்குள் மின்விசிறியின் சத்தம் புதிதாகக் கேட்டது. "அப்பாடா!" என்றாள் அம்மா. கேள்விக்காரிக்கும் சிரிப்பு வந்தது. அந்த அமைதியில் மளமளவென்று கூட்டினாள். முப்பத்தெட்டு. நாற்பதுக்குக் கீழே. நோய் இல்லை, வெறும் பழக்கம்தான். இதற்கென்று மருத்துவமனை அச்சடித்து வைத்திருந்த அறிவுரைத் தாள் ஒன்றை உருவினாள். 'குழந்தையைத் தனியே படுக்கப் பழக்குங்கள்' என்பதே அதில் முதல் வரி.

அம்மா கையை நீட்டினாள்.

மகள் தாளைப் பார்க்கவில்லை. அவள் பார்வை அப்பாவின் சட்டையில், மூன்றாவது பொத்தானில் நின்றிருந்தது. உதடுகள் மட்டும் அசைந்தன.

வாய்ப்பாடு சொல்கிறாள் என்று நினைத்தாள் கேள்விக்காரி. வாய்ப்பாடு இல்லை. பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது.

இருபது வந்ததும் மகள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். நேரே போய், ஷூ முனையால் அப்பாவின் காலில் அளவாக ஓர் உதை விட்டாள்.

தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவர் போல அப்பா தொண்டை அடைக்கக் காற்றை இழுத்தார். கண்ணைத் திறக்கவில்லை. ரம்பம் மறுபடி ஓடத் தொடங்கியது.

"பாத்தீங்களா? தூங்குற மனுஷனை உதைக்கிறது! வீட்டுலயும் இதே கூத்துதான்!"

மகள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இருபது வரைக்கும்தான் விடுவேன்க்கா," என்றாள் கேள்விக்காரியிடம். "முப்பது ஆச்சுன்னா அப்பா உதடு நீலமாயிடும்."

அம்மாவின் நீட்டிய கை அப்படியே நின்றது.

கேள்விக்காரி அறிவுரைத் தாளை மடித்து ஓரமாக வைத்தாள். கீழ் இழுப்பறையைத் திறந்து பெரியவர்களுக்கான படிவத்தை எடுத்தாள். நாற்காலியை மகளின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"உங்க அப்பா என்ன வேலை பாக்குறார்?"

"பஸ் ஓட்டுறார்," என்றாள் மகள். "ராத்திரி நான் பாத்துக்கிறேன். பகல்லதான் ஸ்கூலுக்குப் போயிடுறேனே, அக்கா."