சின்ன ஃபில்டரா, பெரிய ஃபில்டரா?

“அவசரப்படாதீங்க மாமா! ஆயில் ஃபில்டரு சைஸுன்றது சாதாரண சமாச்சாரமில்ல. சின்னதப் போட்டா எஞ்சினுக்கு மூச்சு முட்டிப் பூடும்” என்றான் ஸ்ரீசந்திரன்.

உண்மையில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது அவனுடைய அக்கா வீட்டுக்காரர் ரிஷபநாதனுக்குத்தான்.

விழுப்புரத்தில், மெக்கானிக் அப்பாதுரையின் பட்டறை வாசலில், ஸ்ரீசந்திரனின் அம்பாசிடர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. திண்டிவனத்தில் சம்பந்தி வீட்டில் விருந்து. மகள் குசுமாவை அந்த வீட்டுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்தபின், அங்கே கை நனைக்கப் போவது இதுதான் முதல் தடவை. இரண்டு குடும்பமும் ஜைனர்கள். பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு பருக்கை வாயில் படாது. சூரியன் மறைவதற்குள் போய்ச் சேராவிட்டால் விருந்து போச்சு. ‘எங்கள் வீட்டுச் சோற்றை மதிக்காதவர் சம்பந்தமே வேண்டாம்’ என்று அவர்கள் சொல்லிவிட்டால் குசுமாவின் கல்யாணமும் போச்சு.

அப்பாதுரை கைக்கொரு ஃபில்டராகப் பிடித்துக்கொண்டு நின்றான். “ரெண்டுல எதப் போட்டாலும் வண்டி ஓடும்ங்க. பொருந்தி ஒக்காந்தா போதும்.”

“நீயே இப்பிடிப் பேசலாமா அப்பாதுரை? பெருசுன்னா அழுக்கு ஜாஸ்தி புடிக்கும்ல?” என்றான் ஸ்ரீசந்திரன்.

“அப்ப பெருசையே மாட்டிடறேன்.”

“இரு, இரு. அவ்ளோ பெருசுல எண்ணெ ரொம்பறதுக்குள்ள எஞ்சின் காய்ஞ்சிக்கினு கெடக்குமே?”

“அப்ப சின்னது.”

“சின்னதுல அழுக்கு அடைச்சிக்கிச்சின்னா?”

அப்பாதுரை இரண்டையும் பெஞ்சில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

ரிஷபநாதனுக்குப் பொறுக்கவில்லை. “டேய், வெயில் எறங்கிக்கினு இருக்குது! ஏதோ ஒரு எழவ மாட்டிக்கினு ஜல்தி கெளம்புடா!”

“நடு ரோட்டுல வண்டி நின்னா யாருக்கு மாமா பேஜாரு? குசுமா எங்க அக்கா பொண்ணு. உங்களவிட எனக்கு அக்கறை இருக்குது” என்றான் ஸ்ரீசந்திரன், கண்கலங்காத குறையாக.

டீ குடித்துத் திரும்பிய அப்பாதுரை, யாரையும் கேட்காமல் பெரிய ஃபில்டரை மாட்டிவிட்டான். வண்டி கிளம்பியது. தெருமுனை வரை போன ஸ்ரீசந்திரன் என்ன நினைத்தானோ, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து அதைக் கழற்றச் சொல்லி, சின்னதைப் போட வைத்தான். அப்பாதுரை தலையில் அடித்துக்கொண்டான். ரிஷபநாதனும் அடித்துக்கொண்டார்.

ஒருவழியாக ரோட்டுக்கு வந்தார்கள். முண்டியம்பாக்கத்தில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் மாட்டு வண்டிகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. ஸ்ரீசந்திரன் பவ்வியமாகக் கடைசி வண்டியின் பின்னால் சேர்ந்துகொண்டான்.

“ஓவர்டேக் பண்ணேன்டா!”

“சின்ன ஃபில்டரு மாமா. வெரட்டினா தாங்காது.”

“அப்ப பெருசையே வுட்டிருக்க வேண்டியதுதானே?”

“பெருசா இருந்தா இன்னும் மெதுவாப் போவணும்.”

விருந்துக்கென்று காலையிலிருந்து வயிற்றைக் காலியாக வைத்திருந்தவர் ரிஷபநாதன். வயிறு காந்தியது. வெளியே எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போ என்று சூரியனைக் கெஞ்சினார். சூரியனுக்கு வேறு வேலை இருந்தது.

திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

சம்பந்தி ஜினதாஸ் வாசலிலேயே நின்றிருந்தார். தொங்கிப்போன முகம். அவருக்குப் பின்னால் மொத்தக் குடும்பமும் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. அவர் மனைவி பத்மாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. நல்ல நாளும் அதுவுமாக ஒரு பெண்பிள்ளையை அழ வைத்துவிட்டோமே என்று ரிஷபநாதன் கூனிக் குறுகிப்போனார்.

“மன்னிச்சிடுங்க சம்பந்தி. வண்டியில ஆயில் ஃபில்டரு...”

“உங்கள வுட்டுட்டு நாங்க எப்பிடிங்க சாப்பிடறது?” என்றார் ஜினதாஸ். “மொத்த வீடும் இலை போட்டு ஒக்காந்துக்கினு இருந்தோம். இனிமே யாருக்கும் சாப்பாடு கெடையாது.”

பின்னாலிருந்து யாரோ விம்முவது கேட்டது. ரிஷபநாதன் நாலு பேர் பார்க்கக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நல்லவேளை, ஜினதாஸ் தங்கமான மனிதர். “வண்டி பண்ணதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? வாங்க, தேதியையாவது குறிப்போம்” என்று உள்ளே அழைத்துப்போனார். தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. ரிஷபநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு பசியும் வந்தது. இந்த ஸ்ரீசந்திரனோடு இனி ஜென்மத்துக்கும் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு காரில் ஏறினார்.

வழியனுப்ப வந்த பத்மாம்பாள், கணவர் உள்ளே போகும் வரை காத்திருந்து, ஸ்ரீசந்திரன் பக்கத்து ஜன்னலருகே குனிந்தாள். வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“நல்லா இருப்பா தம்பி! நா சொன்னபடியே செஞ்சிட்டே. ரிட்டயரானதுலேர்ந்து இந்த மனுஷன் கரண்டியப் புடிச்சிக்கினு சமைக்கிறேன், சமைக்கிறேன்னு எங்க உயிர வாங்கறாரு, இன்னிக்கு அந்தப் பாகக்கா பாயசத்துலேர்ந்து வீடே தப்பிச்சிது” என்று கிசுகிசுத்தாள். “அடுத்த மாசம் மறுபடியும் விருந்து வெக்கறாராம். எந்த சைஸு ஃபில்டரு போட்டா வண்டி இன்னும் லேட்டாவுமோ, அதையே போட்டுக்கினு வாப்பா!”