பதினாலே கால் விநாடி

“உங்கம்மா வெக்கிறது ஒரு எறா கொழம்பா? பழவேற்காட்டுல பொறந்துகினு, எறா கழுவத் தெர்ல!”

ரேஸ் காரின் ஜன்னலுக்குள் குனிந்து இப்படிச் சொன்னவன் சேகர், மெக்கானிக். உள்ளே ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தவள் அவன் மனைவி சத்யா. அவள் கண்ணாடியைச் சரேலென்று ஏற்றினாள்.

கொடி காட்ட நின்றிருந்த ஆதிகேசவனுக்கு இது பொறுக்கவில்லை. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அதே மாமியார், அதே குழம்பு, ஒரு வார்த்தை மாறாமல் அதே ஏச்சு.

கொடியை இறக்கினார். சத்யா ஒரே மிதியாக மிதித்தாள். கார் சீறிக்கொண்டு போனது. நேரம் காட்டும் பலகையில் 14.26 என்று விழுந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஷெட்டுகளுக்குப் பின்னால் போட்டிருந்த அந்த நானூறு மீட்டர் தடத்தில், வேகமாகப் போனால் மட்டும் ஜெயித்துவிட முடியாது. எத்தனை விநாடியில் வருவோம் என்று முன்கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். எழுதியதற்கு மிக அருகில் வருகிறவருக்குத்தான் பரிசு. அதைவிட ஒரு நூல் முந்திவிட்டாலும் ஆட்டம் குளோஸ்.

சத்யா எழுதியிருந்தது 14.25. மூன்று ஒத்திகையிலும் 14.26, 14.27, 14.26. தச்சன் அடித்த ஆணி மாதிரி அங்கேயே நின்றது கார்.

நான்காவது ஓட்டம்தான் கணக்கு. ஜெயித்தால் ஒரு கார் கம்பெனியில் டெஸ்ட் டிரைவர் வேலை. எட்டு வருஷமாக ஷிப்டு போட்டு அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் சத்யாவுக்கு, விட்டால் கிடைக்காத வேலை அது.

சேகர் டயர் காற்றை அளந்தான். பெட்ரோலைக் கோடு வரைக்கும் ஊற்றினான். இன்ஜின் சூடு பழைய இடத்துக்கு இறங்கும்வரை காத்திருந்தான். எல்லாம் கையிலிருந்த நோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான். முத்து முத்தான எழுத்து. இந்தக் கிரீஸ் கைக்கு இப்படி ஒரு கையெழுத்தா என்று ஆதிகேசவனுக்கே ஆச்சரியம்.

கடைசியாக நோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, சேகர் ஜன்னல் பக்கம் நடந்தான். ஆதிகேசவன் குறுக்கே வந்து நின்றார். வேப்பம்பட்டில் நாலு குடும்பங்களைப் பேசிச் சேர்த்து வைத்தவர் அவர். சொந்த வீட்டில் அவர் பேச்சு எடுபடாது என்பது வேறு விஷயம்.

“இன்னா நைனா, மனுசனா நீ? வண்டி எடுக்கப்போற பொண்ணாண்ட போய், பெத்தவள இழுத்துப் பேசிகினு கீற?”

“அண்ணே, அது இன்னான்னா...”

“வாய மூடு. இன்னொரு தபா அந்தம்மாவப் பத்தித் தப்பாப் பேசின, நான் கொடியே காட்ட மாட்டேன். நல்லதா ரெண்டு வார்த்த சொல்லு.”

சேகர் கொடியைப் பார்த்தான். நோட்டைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் ஜன்னலில் குனிந்தான்.

“உங்கம்மா எறா கொழம்பு... நல்லாத்தான் இருக்கும் சத்யா. பஞ்சு மாரி இருக்கும்.”

சத்யா திறந்த வாய் மூடாமல் அவனையே பார்த்தாள். ஆதிகேசவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. அதே நிறைவோடு கொடியை இறக்கினார்.

கார் தயங்கியது, கிளம்பியது, தேர் மாதிரி அசைந்து போனது. பலகையில் 14.81. பரிசை அத்திப்பட்டுக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார்.

வேலை போனால் போகிறது, ஒரு குடும்பம் பிழைத்ததே என்று ஆதிகேசவன் தன்னைத் தேற்றிக்கொண்டார். சத்யா இறங்கி நேராக அவர்கள் பக்கம் நடந்து வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேகர் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கி, கண்ணில் தண்ணீர் முட்ட, அவன் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

“காத்து, பெட்ரோலு, சூடு, அப்பால எங்கம்மான்னு வரிசையா எழுதிக் குடுத்தேனே, ஏன்யா திட்டல?”