கூடவே வந்த வீட்டுக்காரம்மா

“ஏங்க, அந்தம்மா எதுக்கு நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு வர்றாங்க?”

மனைவி கணவனின் காதருகே கேட்டாள். வாங்கப்போகும் வீட்டைச் சோதித்துச் சொல்ல ஓர் இன்ஜினியரை அழைத்து வந்திருந்தார்கள். ஏணியும் டார்ச்சுமாக அவர் முன்னால் போக, வீட்டை விற்கிற வீட்டுக்காரம்மா அவருக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடந்தாள்.

“அவங்க வீடு. எங்க வேணா நடப்பாங்க,” என்றான் கணவன்.

“பதினெட்டு வருஷமா வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேர்த்தது. ஏமாந்துட்டோம்னா மறுபடி சேர்க்க நமக்கு வயசு இல்ல. போய் அந்தம்மாவைப் பேச்சுல பிடிச்சு வைங்க. அவங்க பக்கத்துல நின்னா இன்ஜினியர் குறையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்.”

கணவன் போனான். ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தான்.

“என்ன பேசினீங்க?”

“நான் எங்க பேசினேன்? அவங்கதான் கேட்டாங்க. நம்ம கல்யாணம், பொண்ணு படிப்பு, என் மூட்டுவலி எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

“விட்டா என் எடையையும் சொல்லியிருப்பீங்க.”

“அதை அவங்க கேக்கல.”

ஹாலில் இன்ஜினியர் பையிலிருந்து ஒரு கோலியை எடுத்துத் தரையில் வைத்தார். அது மெல்ல உருண்டு ஜன்னலோரம் போய் நின்றது.

“இது எதுக்குங்க சார்?” என்றாள் வீட்டுக்காரம்மா.

“தரை மட்டமா இருக்கான்னு பாக்கத்தான். இவ்வளவு சரிவு பரவாயில்ல. கோலி விறுவிறுன்னு ஓடினா அஸ்திவாரம் இறங்கியிருக்கான்னு யோசிக்கணும்.”

“ஒரு கோலி போதுமா, ரெண்டு மூணு வேணுமா?”

“ஒண்ணே போதும்மா.”

எழுதிக்கொண்டாள்.

அடுத்து இன்ஜினியர் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டார். “ஒவ்வொண்ணாத் திறந்தா எந்த வீட்டுலயும் தண்ணி நல்லாத்தான் வரும்,” என்றார். அதுவும் நோட்டில் ஏறியது. டைல்ஸை மரச் சுத்தியலால் தட்டினார். எந்தச் சத்தம் நல்லது, எந்தச் சத்தம் கெட்டது என்று வீட்டுக்காரம்மா இரண்டு தடவை தட்டச் சொல்லிக் கேட்டாள்.

படுக்கையறையில் அலமாரிக்குப் பின்னால் ஈரம் இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டியிருந்தது. அவளே அலமாரியைத் தள்ளிக் கொடுத்தாள்.

“ஒரு சுவருக்கு மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா முதல்ல அங்கதான் பாக்கணும்,” என்றார் அவர்.

“கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க சார்.”

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பாருங்க, காசு நம்மளது, பாடம் அவங்களுக்கு. எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிட்டு, நாம அந்தப் பக்கம் போனதும் பெயிண்ட்டைப் பூசி மறைச்சுடுவாங்க.”

“மறைக்கிறவங்க அலமாரியைத் தள்ளிக் குடுப்பாங்களா?”

“அதுதான் சூட்சுமம். உங்களுக்குப் புரியாது.”

இன்ஜினியருக்கோ வாயெல்லாம் பல். “இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். எல்லாரும் வாங்கலாமா வேணாமான்னு மட்டும்தான் கேப்பாங்க. ஏன், எதுக்குன்னு கேட்டது இந்தம்மா ஒருத்தங்கதான்.”

தானும் ஏதாவது கேட்டாக வேண்டும் என்று மனைவிக்குத் தோன்றியது. “சார், இந்த ஃபேன் சுத்துமா?”

“சுத்திக்கிட்டுதான் மேடம் இருக்கு.”

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்காரம்மாவிடமே போய், “நீங்க ஏம்மா எங்ககூட அலையிறீங்க? போய் உக்காருங்களேன்,” என்றாள்.

“எனக்கென்னம்மா, கால் நல்லாத்தான் இருக்கு. உங்க சாருக்குத்தான் மூட்டுவலி. அவரை உக்காரச் சொல்லுங்க.”

கணவன் உடனே உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு மணி நேரம் கழித்து இன்ஜினியர் தீர்ப்பைச் சொன்னார். நாலு டைல்ஸ் மாற்ற வேண்டும். சமையலறையில் ஒரு சுவிட்ச் சரியில்லை. மற்றபடி தாராளமாக வாங்கலாம். சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனார்.

மனைவி நிம்மதியாக வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“அப்ப நாளைக்கு அட்வான்ஸோட வர்றோம்,” என்றான் கணவன்.

“ஒரு நிமிஷம்,” என்றாள் வீட்டுக்காரம்மா. “பின்பக்க பாத்ரூம் இருக்கே, ரெண்டு நாள் சேர்ந்தாப்ல மழை பெய்ஞ்சா அங்க சாக்கடைத் தண்ணி எதிர்த்துக்கிட்டு வரும். துணியைச் சுருட்டி அடைச்சு மேல கல்லைத் தூக்கி வைப்போம். வெளிக் குழாயை மாத்தினா சரியாயிடும்னாங்க. நாங்க மாத்தல. அந்தச் செலவை விலையில கழிச்சுப் பேசிக்கிட்டு அப்புறமா அட்வான்ஸ் குடுங்க.”

“இன்ஜினியர் ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாத்தாரே? கடகடன்னு போச்சே,” என்றாள் மனைவி.

“வெயில் காலத்துல போகும்மா.”

“அவர் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாம்ல?”

“அவரே கண்டுபிடிக்கிறாரான்னு பாத்தேன். இதை வித்துட்டு நாங்க சின்னதா ஒரு வீடு வாங்கணும். நாளைக்குச் சாயங்காலம் போய்ப் பாக்கப்போறோம். ஆள் வச்சுப் பாக்க வசதி இல்ல. இன்ஜினியர் செய்யறதையெல்லாம் எழுதிக்கிட்டா நானே பாத்துக்கலாம்னு நினைச்சேன். கடைசியில அவர் கண்ணுக்கே ஒண்ணு தப்பிடுச்சு. அதான் பயமாயிடுச்சு.”

மனைவி மாட்டிய செருப்பைக் கழற்றினாள். “அப்ப நாளைக்கு என்ன பண்ணுவீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“எழுதினதையெல்லாம் பாப்பேன். அதுக்கு முன்னால, விக்கிற அம்மாகிட்ட உக்காந்து, ‘இந்த வீட்டுல என்னம்மா குறை?’ன்னு நேராக் கேட்டுடுவேன்,” என்றாள் வீட்டுக்காரம்மா. “நீங்கதான் என்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே.”