உடைய வேண்டிய வில்

சுயம்வர நாடகத்துக்கு ஒரு வில் கேட்டிருந்தார்கள். "இளவரசன் நாணை இழுத்ததும் படக்குன்னு முறியணும் ஆசாரி" என்றார் குழுத் தலைவர். மாசிலாமணி ஆசாரியும் தலையாட்டினார்.

ஆனால் வைரம் பாய்ந்த கட்டை கையில் வந்ததும் அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. ஒருபக்கம் கூடுதலாக வளைகிறதென்று மறுபக்கத்தை இழைத்தார். உப்புத்தாள் தேய்த்து எண்ணெய் பூசினார். கடைசியில் நடுவே ஒரு வெட்டுப் போட ரம்பத்தை எடுத்தவருக்கு மனசு வரவில்லை.

மேடையில் இளவரசனாக நின்ற துரைக்கண்ணு நாணை இழுத்தார். வில் அழகாக வளைந்தது, முறியவில்லை. முழங்காலில் வைத்து அழுத்தினார். ஏறி மிதித்தார். கிரீடம்தான் கழன்று விழுந்தது.

"உடைச்சுத் தொலைங்க மாப்பிள்ளை" என்று ராஜா பல்லைக் கடித்தது மைக்கில் கேட்க, கூட்டம் சிரித்தது. திரைமறைவிலிருந்து தலைவர் முறைத்தார். முன்வரிசையில் ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார்.

துரைக்கண்ணு மூச்சைப் பிடித்துக் காதுவரை இழுத்தார். இரண்டு முனைகளும் அச்சு அசலாக ஒன்றுபோல் வளைந்தன. அதை ஓரக்கண்ணால் பார்த்த ஆசாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நின்று கத்தினார்:

"இன்னும் இழுங்க தம்பி, பயப்படாதீங்க, தாங்கும்!"