இருபதுக்கு மூன்று

"இருபதுக்கு மூணா? எனக்கா?"

ரமீஸாவால் நம்பவே முடியவில்லை. பழவேற்காட்டிலிருந்து ரெண்டு பஸ் மாறி சட்டக் கல்லூரிக்கு வருகிறவள். மூன்று வருஷமாக வகுப்பில் அவள்தான் முதல். மாதிரி நீதிமன்றப் போட்டி என்றால் எதிர்த்தரப்புக்குத் தண்ணி காட்டிவிடுவாள்.

மூன்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரகுவுக்குப் பதினெட்டாம்! மொத்தமே ரெண்டு வரி எழுதின ரகுவுக்கு!

பாடம், மனநலமும் குற்றவியல் நீதியும். அதை நடத்துகிற ஷைனி மேடம் போன வாரம் ஓர் ஆளைக் கூட்டி வந்து தனி அறையில் உட்கார வைத்தார்.

"இவர்தான் உங்க கட்சிக்காரர். கம்பெனி பஸ் கண்ணாடியை இரும்பு ராடால உடைச்சார்னு கேஸ். ஒவ்வொருத்தரா உள்ள போய்ப் பத்து நிமிஷம் பேசுங்க. ஜாமீன் மனு எழுதிக் குடுங்க. இருபது மார்க்."

நாடகக்காரர் யாரையோ பிடித்து வந்திருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஆளும் நன்றாகவே நடித்தார். ரமீஸா எழுதியது ஐந்து பக்கம். சட்டப் பிரிவுகள், தீர்ப்புகள், ஒன்றும் பாக்கியில்லை.

புகார் தயாரானது. ரகு தவிர வகுப்பில் முப்பத்தொன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஷைனி மேடம் கௌரவ விரிவுரையாளர். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. இந்தக் காகிதம் பிரின்சிபால் மேஜைக்குப் போனால் அடுத்த வருஷம் வேலை கிடையாது. ரமீஸாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் எழுதினாள்.

ஆனாலும் முதுகுக்குப் பின்னால் செய்வது அவள் வழக்கமில்லை. நேராக மேடத்திடம் போய் நீட்டினாள்.

மேடம் முழுசாகப் படித்தார்.

"தாராளமா குடு. ஆனா ஒண்ணு, மார்க் போட்டது நான் இல்லை. போட்டவர் கேன்டீன்ல டீ குடிச்சிட்டு இருக்கார். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் போ."

கேன்டீனில் இருந்தது அந்த 'நடிகர்'.

"இவர் ஜெயராஜ்" என்றார் மேடம்.

"இவரா மேடம்? இவர் எப்படி எங்களுக்கு மார்க் போடலாம்?"

ஜெயராஜ் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"குந்தும்மா. கோவமா கீறியா? நான் நடிக்கலம்மா. கண்ணாடிய ஒடச்சது நெசம். எட்டு வருஷம் ஆவுது. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல நைட் ஷிப்ட் எனக்கு. மனசுக்கு டாக்டர் குடுத்த மாத்திர போட்டா தூக்கம் வருதுன்னு நிறுத்திட்டேன். அதான் பேஜாரா பூட்ச்சு. ஹார்ன் சத்தம் மண்டைக்குள்ள பூந்து இடிக்கும்."

ரமீஸா உட்காரவில்லை.

"நீ இன்னா கேட்ட? காதுல குரல் கேக்குதா, யாராச்சும் தொரத்துறாங்களா, ரொம்ப நாளா இப்டியான்னு கடகடன்னு கேட்ட. எல்லாத்துக்கும் ஆமான்னேன்."

"அதைத்தானே நானும் எழுதினேன்?"

"ஒண்ணுகூட நெசமில்லம்மா. ஆமான்னா சீக்கிரம் உட்ருவாங்க. அன்னிக்கும் அப்டித்தான். போலீஸ் கேட்டப்போ ஆமான்னேன். கவர்மென்ட் குடுத்த லாயர் வந்து 'குத்தத்த ஒத்துக்கிறியா?'ன்னாங்க. அதுக்கும் ஆமான்னேன். பதினோரு மாசம் ஜெயில்."

ரமீஸா மெல்ல உட்கார்ந்தாள்.

"ரகு என்ன கேட்டான்?"

"ஒண்ணும் கேக்கல. ஃபேன் சத்தத்துக்கு நான் நெளிஞ்சிக்கினு இருந்தேன். எழுந்து போய் நிறுத்தினான். கம்முனு குந்திக்கினு இருந்தான். அப்பால, 'நாஷ்டா துன்னீங்களாண்ணா?'ன்னான். 'இல்ல'ன்னேன். ரெண்டு நாள்ல நான் இல்லன்னு சொன்னது அந்த ஒருத்தன்கிட்டதான்."

ஜெயராஜ் சட்டைப் பையிலிருந்து, மடிப்பில் கிழிந்துபோன ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வைத்தார்.

"இத்த அவன் கையில குடுத்து, மாத்திர நிறுத்தினதயும் சொன்னேன். அன்னிக்கு கோர்ட்லயும் இது என் பையிலதான் கெடந்துச்சு. லாயர் கேஸ் கட்டப் பாத்தாங்க. என் மூஞ்சப் பாக்கல."

ரகுவின் தாளில் பார்த்துச் சிரித்த அந்த ரெண்டு வரி ரமீஸாவுக்கு இப்போதுதான் புரிந்தது. 'இவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். முதலில் டாக்டரிடம் காட்ட உத்தரவிட வேண்டும்.' அந்தப் பதினெட்டு நியாயமான மார்க்தான். தன்னுடைய மூன்றுகூட அதிகம் என்று பட்டது. வெட்கத்தில் காது சூடாகியது.

அடுத்த நொடியே கோபம், இந்த முறை வேறு ஆள் மேல்.

"அந்த லாயர் யாருண்ணா? பேரைச் சொல்லுங்க. இதைவிடப் பெரிய புகாரா எழுதறேன். அவங்கள்லாம் கறுப்புக் கோட்டு போடவே லாயக்கில்ல!"

"உடும்மா" என்றார் ஜெயராஜ். "நான் வெளிய வந்த அன்னிக்கு ஜெயில் கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தாங்க. ஆஸ்பத்திரிக்கு அவங்கதான் இட்னு போனாங்க. இன்னிக்கும் போன் பண்ணி, மாத்திர போட்டியான்னு கேக்கறாங்க. மார்க்கும் என் கையாலயே வாங்கிக்கினாங்க."

"மார்க்கா? அவங்களுக்கா?"

ஜெயராஜ் டீயை ஊதிக் குடித்தார். மேடம் மதிப்பெண் பட்டியலை ரமீஸா பக்கம் நகர்த்தினார்.

ஜெயராஜின் கோணல்மாணலான எழுத்து. வகுப்பில் நாற்பது பேர். பட்டியலில் நாற்பத்தொரு பெயர் இருந்தது.

முதல் வரியைப் படித்தாள்: 'ஷைனி மேடம் – 0.'