தப்பு மிஸ்

“எங்க கரும்பு வெட்டுற ஆளுங்களே இதவிட நல்லா இங்கிலீஷ் பேசுவானுங்க சார்!”

தாளாளர் அறையில் கத்தினார் குழந்தைவேல். கரியமாணிக்கத்து விவசாயி. பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர் வேறு. கேட்கவா வேண்டும்?

எதிரே நாலாம் வகுப்பு ஜோஸ்பின் மிஸ், தலையைக் குனிந்தபடி.

“அப்படி இன்னா சொல்லிட்டாங்க?” என்றார் தாளாளர் அரங்கநாதன்.

“சாப்ட்டேன்றதுக்கு ‘ஈட்டட்’டாம். ஓடுனேன்றதுக்கு ‘ரன்னட்’டாம். எம் பொண்ணு அருள்மொழி எழுந்து, ‘ஏட் மிஸ், ரான் மிஸ்’னு திருத்துறா. தெனம் வூட்டுக்கு வந்து இதே கதைதான். டீச்சருக்குப் புள்ள பாடம் எடுக்குது. வெக்கமா இல்ல?”

“நெசமா மிஸ்?” என்றார் தாளாளர்.

“ஆமா சார்.”

“ஏன், தெரியாதா உங்களுக்கு?”

ஜோஸ்பின் நிமிர்ந்து குழந்தைவேலைப் பார்த்தார்.

குழந்தைவேல் தாளாளர் பக்கம் திரும்பினார். “அவ அம்மா செத்ததுலருந்து வாயே தொறக்காத புள்ள சார். ‘அப்பா’ன்னுகூட கூப்புடல. இந்த வருசந்தான் பேசுறா. அவளுக்குப் போயி தப்புத் தப்பா சொல்லிக் குடுத்தா?”

“பரீட்சை வரைக்கும் இருக்க விடுங்க சார்,” என்றார் ஜோஸ்பின். “காரணம் இருக்கு. வெளிய சொன்னா கெட்டுடும்.”

“இனிமே கெட இன்னா இருக்கு?”

அரங்கநாதன் அதிகம் யோசிக்கவில்லை. சங்கத் தலைவரைப் பகைத்துக்கொள்ள முடியுமா? நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தார் குழந்தைவேல். மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அருளு, உங்க தப்பு மிஸ்ஸ அனுப்பிட்டேன்டி. இனிமே சரியா சொல்ற மிஸ் வருவாங்க.”

அவள் கை தட்டிலேயே நின்றது.

“மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியும்பா. பக்கத்து அஞ்சாம் வகுப்புக்குப் போனா சரியாத்தான் சொல்லுவாங்க, நான் கேட்டுருக்கேன். என்னப் பாத்தாதான் தப்பா சொல்லுவாங்க.”

“ஏன்டி?”

“நான் பேசணும்னு.”

அவ்வளவுதான். கை கழுவ எழுந்து போய்விட்டாள்.

புது மிஸ் வந்தார். எல்லாம் சரியாகச் சொன்னார். திருத்த ஒன்றுமில்லை. அருள்மொழி வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. வீட்டிலும்தான்.

குழந்தைவேல் ஜோஸ்பினைத் தேடி வில்லியனூருக்கு ஓடினார். வீடு பூட்டிக் கிடந்தது. வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம். எந்த ஊர்? பக்கத்து வீட்டுக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் சோற்றுத் தட்டோடு மகள் எதிரே உட்கார்ந்துகொள்கிறார்.

“அருளு... அப்பா ஈட்டட்.”

அவள் பார்க்கிறாள்.

“அப்பா... ரன்னட். ரன்னட்டும்மா. சரியா?”

அவள் திருத்தவில்லை.