சாட்சி ஏழின் வரி

மூன்றாவது நாளாக ஆவண அறையில் உட்கார்ந்து, படகு விபத்தைப் பற்றித் தான் எழுதி அச்சுக்குப் போகவிருக்கும் புத்தகத்தை அரசு விசாரணை அறிக்கையோடு வரிவரியாக ஒத்துப் பார்க்கிறாள் எழுத்துக்காரி. மின்விசிறி முனகுகிறது. 'கரையில் செருப்புகள் மட்டும் காத்திருந்தன.' பதிப்பாளர் மெச்சி, பின்னட்டையில் போடச் சொன்ன வரி. தன் சொந்தச் சரக்கென்றே இதுவரை நம்பியிருந்தாள். அறிக்கையில் உள்ள ஒரு வாக்குமூலத்திலும் அதே வரி, அட்சரம் பிசகாமல். குறிப்பெடுத்த அன்று மேற்கோள் குறி போட மறந்திருக்கிறாள்.

"சர்க்கார் காகிதம்தானேம்மா, யாரு கேஸ் போடப்போறாங்க?" கொட்டாவி விடுகிறார் ஆவணக் காப்பாளர்.

"கேஸ் வராதுண்ணே. ஆனா நான் எழுதினது இல்லையே."

எரியும் கண்களைக் கசக்கிக்கொண்டு குறியைப் போடுகிறாள். அடிக்குறிப்புக்காக, அதைச் சொன்னவரின் பெயரைத் தேடுகிறாள். 'சாட்சி ஏழு, படகோட்டி' என்று மட்டும் இருக்கிறது. கையெழுத்துக்கான இடத்தில் மங்கிப்போன பெருவிரல் ரேகை.